ஒட்டிப் பிறந்த சிறுநீரகமும் புற்றுநோயும்

மனித உடலில் இரண்டிரண்டாக அமைந்த உறுப்புகள் பல. கண்ணும் காதும் கையும் காலும் வெளியே தெரிபவை. நுரையீரலும் சிறுநீரகமும் உள்ளே மறைந்திருப்பவை. வெளியுறுப்பில் ஒரு வேறுபாடு இருப்பின், பிள்ளை பிறந்த அன்றே அது தெரிந்துவிடும். உள்ளுறுப்பில் உள்ள வேறுபாடோ ஆண்டுகள் பல சென்றும் தெரியாமற் போகலாம். ஐம்பது வயதுவரை நலமாக வாழ்ந்த ஒருவர், வேறு ஏதோ காரணத்துக்காக வயிற்றைப் படம் பிடிக்கச் செல்கின்றார். அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் பிறவியிலேயே ஒன்றாக ஒட்டியிருக்கின்றன என்று வைத்தியர் கூறுகின்றார். அதைக் கேட்டவுடன் அவர் மனத்தில் இரண்டு வினாக்கள் எழுவது இயல்பு. இது எதனால் வந்தது? இதிலிருந்து புற்றுநோய் உண்டாகுமா?

இவ்வினாக்களுக்கு இன்றைய மருத்துவம் தரும் விடை பெரும்பாலும் ஆறுதல் அளிப்பதே. எனினும் அவ்வாறுதலுடன் ஓர் எச்சரிக்கையும் சேர்ந்து வருகின்றது. அந்த எச்சரிக்கையைப் புரிந்துகொள்வதற்கு, முதலில் இவ்வுறுப்பின் இயல்பான அமைப்பையும், அது ஒட்டிக்கொள்ளும் விதத்தையும் அறிதல் வேண்டும்.

முதுகெலும்பின் இருபுறத்திலும், கடைசி விலாவெலும்புகளை அண்டி, அவரை விதை வடிவில் அமைந்திருப்பவை சிறுநீரகங்கள். வளர்ந்தவரின் ஒரு சிறுநீரகம் ஏறக்குறைய 11 சென்ரிமீற்றர் நீளமும் 150 கிராம் நிறையும் உடையது. அதனுள் சிறுநீரகத்தி எனப்படும் நுண்ணிய வடிகட்டிகள் ஏறத்தாழ 10 இலட்சம் உள்ளன. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் 180 லீற்றர் அளவான திரவத்தைக் குருதியிலிருந்து வடிக்கின்றன. அதில் மிகப் பெரும் பகுதியை மீண்டும் குருதிக்கே திருப்பிவிட்டு, கழிவுகள் கரைந்த ஒன்றரை லீற்றர் அளவான நீரையே சிறுநீராக வெளியேற்றுகின்றன. இந்நீர் சிறுநீரகத்தின் உட்புறத்திலுள்ள புனல் போன்ற அறையில் சேர்ந்து, மெல்லிய சிறுநீர்க்கான் வழியாகக் கீழிறங்கிச் சிறுநீர்ப்பையை அடைகின்றது.

இச்சிறுநீரகங்கள் தொடக்கத்திலிருந்தே இவ்விடத்தில் இருந்தவை அல்ல. கருவின் ஐந்தாவது வாரமளவில் அவை இடுப்புக் குழியின் அடியில், ஒன்றுக்கொன்று மிக அண்மையில் தோன்றுகின்றன. கரு நீண்டு வளர வளர அவை மேல்நோக்கி நகர்ந்து, ஒன்பதாவது வாரமளவில் தத்தம் இடத்தை அடைகின்றன. போகும் வழியில் அவை உட்புறமாகத் திரும்பவும் செய்கின்றன. இந்தப் பயணம் தொடங்கும் வேளையில் இரண்டின் கீழ்முனைகளும் ஒன்றோடொன்று தொட்டு இணைந்துவிட்டால், அவை தனித்தனியே மேலேற இயலாது. இணைந்தபடியே சிறிது தூரம் ஏறுகின்றன. பெருநாடியின் முன்புறத்திலிருந்து பெருங்குடலுக்குச் செல்லும் ஒரு கிளைநாடி அங்கே குறுக்கிடுகின்றது. இணைந்த பகுதி அக்கிளையின் அடியில் தடைப்பட்டு நின்றுவிடுகின்றது. இதனால் அவ்வுறுப்பு வழமையான இடத்துக்குச் சற்றுத் தாழ்வாகவும், முற்றாகத் திரும்பாமல் முன்னோக்கியபடியும் அமைந்துவிடுகின்றது.

இவ்வாறு அமைந்த உறுப்பு, குதிரையின் குளம்பில் அடிக்கப்படும் இலாடத்தின் வடிவை ஒத்திருப்பதால், அதனை இலாடச் சிறுநீரகம் என்பர். இரண்டு பாதிகளையும் இணைக்கும் நடுப்பகுதிக்கு இடைப்பாலம் என்று பெயரிடலாம். சிலரில் அப்பாலம் வெறும் நார்ப்பட்டையாக இருக்கும். பலரில் அதுவும் சிறுநீரக இழையமாகவே அமைந்து தொழில் புரியும். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் இணைப்பு நிகழ்வது கீழ்முனைகளிலேயே. 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், இத்தாலிய உடற்கூற்றறிஞர் பெரெங்காரியோ டா கார்ப்பி என்பவர் இவ்வமைப்பைப் பற்றி எழுதிவைத்தார். அந்நாள் முதல் மருத்துவ உலகுக்கு இது தெரிந்த ஒன்றே.

இது அரிதான அமைப்பும் அன்று. சிறுநீரகங்கள் ஒன்றோடொன்று இணையும் பிறவி வேறுபாடுகளுள் மிகப் பொதுவானது இதுவே. ஏறத்தாழ 500 பேருக்கு ஒருவர் இவ்வாறு பிறக்கின்றார் என்பது மருத்துவ நூல்கள் தரும் கணக்கு. ஆண்களில் இது பெண்களைவிட இருமடங்காகக் காணப்படுகின்றது. இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் இலங்கைக்கு இக்கணக்கைப் பொருத்திப் பார்த்தால், 40,000 பேருக்குக் குறையாதோர் இவ்வமைப்புடன் நடமாடுகின்றனர் என்றாகும். அவர்களுட் பெரும் பகுதியினருக்கு அது தெரியாது.

முதல் வினாவுக்கு விடை இதிலேயே அடங்கியுள்ளது. தாய் தான் கருவுற்றிருப்பதை உணரும் காலத்தை ஒட்டியே இவ்விணைப்பு நிகழ்ந்து முடிந்துவிடுகின்றது. கிரகண வேளையில் அவள் வெளியே வந்தமையோ, கத்தியைக் கையில் எடுத்தமையோ, உண்ட உணவோ இதற்குக் காரணமாகா. பெரும்பாலானோரில் இது பரம்பரையாக வருவதும் இல்லை. டேர்னர் கூட்டறிகுறி போன்ற சில நிறமூர்த்தக் குறைபாடுகளுடன் இது சேர்ந்து காணப்படுவதுண்டு. ஆனால் அவ்வாறானோர் சிலரே. ஆகவே பிள்ளைக்கு இவ்வமைப்பு இருப்பதாகத் தெரியவந்த வீட்டில், தாயைக் குற்றஞ்சாட்டிப் பேசும் பேச்சுக்கு இடமே இல்லை.

இங்கே ஒரு வேறுபாட்டையும் தெளிவாக்குதல் நன்று. இலங்கையில் சிறுநீரக நோய் என்றவுடன், 1990களிலிருந்து வடமத்திய மாகாண விவசாயிகளை வருத்திவரும் நாட்பட்ட நோயே பலருடைய நினைவுக்கு வரும். அது வடிகட்டும் இழையம் சிறிது சிறிதாக அழிந்து, சிறுநீரகம் செயலிழக்கும் நோய். இலாடச் சிறுநீரகம் அத்தகைய நோயன்று. அது ஓர் அமைப்பு. ஒட்டியிருப்பினும் அதன் வடிகட்டிகள் பழுதற்றவை. இவ்வமைப்புடையோரில் ஏறத்தாழ மூன்றிலொருவர் வாழ்நாள் முழுவதும் எத்தொல்லையும் இன்றியே வாழ்ந்து முடிக்கின்றனர்.

ஏனையோரில் தோன்றும் தொல்லைகளுக்குக் காரணம், நீர் இறங்கும் வழி நேராக இல்லாமையே. புனலிலிருந்து சிறுநீர்க்கான் வழமையைவிட உயரத்தில் தொடங்கி, இடைப்பாலத்தின் மேலாக வளைந்து கீழிறங்குகின்றது. வாய்க்காலின் நடுவே வரம்பு ஒன்று உயர்ந்திருந்தால், தண்ணீர் தேங்கித்தான் போகும். அவ்வாறே இங்கும் சிறுநீர் தேங்குகின்றது. தேங்கிய நீரில் கிருமிகள் பெருகுகின்றன; உப்புகள் படிந்து கல்லாகின்றன; சிலரில் புனல் வீங்கிப் பெருத்துவிடுகின்றது. போதிய நீர் அருந்தாது வெயிலில் உழைப்போருக்குக் கல் உண்டாகும் வாய்ப்பு இன்னும் கூடுகின்றது. கல்லும் கிருமித்தொற்றும் நீர்த்தேக்கமுமே இலாடச் சிறுநீரகத்தின் பொதுவான தொல்லைகள். புற்றுநோய் அவ்வரிசையில் மிகவும் பின்னால் நிற்பது.

இனி இரண்டாவது வினாவுக்கு வருவோம். பிறவி வேறுபாட்டையும் புற்றுநோயையும் தொடர்புபடுத்திப் பார்க்கும் வழக்கம் மருத்துவ உலகிலேயே நெடுங்காலம் இருந்தது. 1883ஆம் ஆண்டில் ஜேர்மனிய நோயியலறிஞர் போல் கிராவிட்ஸ், சிறுநீரகத்தில் தோன்றும் மஞ்சள் நிறக் கட்டிகளை ஆராய்ந்தார். சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அதிரீனற் சுரப்பியின் துண்டுகள், கருக்காலத்தில் இடம் மாறிச் சிறுநீரகத்துள் தங்கிவிடுகின்றன என்றும், அவையே பிற்காலத்தில் கட்டியாகின்றன என்றும் அவர் கருதினார். பல தலைமுறை வைத்தியர்கள் அதனையே நம்பினர். அக்கட்டிக்கு அவர் பெயரையே சூட்டியும் வழங்கினர். 1960இல் பிரான்சிய ஆய்வாளர்கள் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் துணையால், அக்கட்டிகள் சிறுநீரகத்தின் சொந்தக் குழாய்களை மூடியுள்ள கலங்களிலிருந்தே தோன்றுகின்றன என்று காட்டினர். பிறவியில் இடம் மாறிய துண்டின் மேற் சுமத்தப்பட்ட பழி இவ்வாறு நீங்கிற்று.

வளர்ந்தோரில் மிகுதியாகக் காணப்படும் சிறுநீரகப் புற்றுநோய் இதுவே. புகைத்தல், உடற் பருமன், உயர் குருதியமுக்கம் ஆகியவை இதனைத் தூண்டும் காரணங்களென உறுதிப்பட்டுள்ளன. சில குடும்பங்களில் பரம்பரை அலகின் மாற்றத்தாலும் இது வருகின்றது. இலாடச் சிறுநீரகத்திற் காணப்பட்ட புற்றுநோய்களில் ஏறத்தாழ அரைப்பங்கு இவ்வகையைச் சேர்ந்ததே. ஆனால் ஏனைய மக்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது, இலாட அமைப்புடையோருக்கு இந்நோய் கூடுதலாக வருவதாகத் தெரியவில்லை. பெரும்பாலானோரைப் பொறுத்தவரை ஆறுதல் தரும் செய்தி இதுவே.

கூடுதலாக வருபவை வேறு சில வகைகள். முதலாவது, புனலின் உட்புறத்தை மூடியுள்ள மென்சவ்வில் தோன்றும் புற்றுநோய். இது இலாட அமைப்புடையோரில் மூன்று நான்கு மடங்காகக் காணப்படுகின்றது என மருத்துவ வெளியீடுகள் கூறுகின்றன. கல் உராய்வதும், கிருமித்தொற்று மீண்டும் மீண்டும் வருவதும், நீர் தேங்கி நிற்பதும் அம்மென்சவ்வை ஆண்டுக்கணக்காக உறுத்துகின்றன. அவ்வுறுத்தலே இதற்குக் காரணமென்று கருதப்படுகின்றது. புகைப்போரின் சிறுநீரில் கலந்து வரும் நச்சுப் பொருள்களும் இச்சவ்வையே முதலில் தாக்குகின்றன. இரண்டாவது, காசினொயிட் எனப்படும் அரிய கட்டி. இது இலாடச் சிறுநீரகத்தில் பல பத்து மடங்கு கூடுதலாகத் தோன்றுவதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. மூன்றாவது, சிறுபிள்ளைகளைப் பீடிக்கும் வில்ம்ஸ் கட்டி. 1899இல் இதனை விரிவாக ஆராய்ந்து நூல் எழுதிய ஜேர்மனியச் சத்திர வைத்தியர் மக்ஸ் வில்ம்ஸின் பெயரை இது தாங்கியுள்ளது. இலாட அமைப்புடைய பிள்ளைகளில் இது ஏறத்தாழ இருமடங்காக வருகின்றது. வளர்ந்தோரில் மிக அரிதாகவே தோன்றுகின்றது.

மடங்குக் கணக்கைக் கேட்டு மலைத்துவிடலாகாது. எதன் மடங்கு என்று பார்த்தல் வேண்டும். வில்ம்ஸ் கட்டி ஏறத்தாழ 10,000 பிள்ளைகளுள் ஒருவருக்கே வருகின்றது. அது இருமடங்கானால் 10,000 பேருள் இருவர் என்றாகும்; எஞ்சிய 9,998 பேருக்கும் அது வருவதில்லை. காசினொயிட் கட்டியோ சிறுநீரகத்தில் மிக மிக அரிது. அதனைப் பல பத்தாற் பெருக்கினாலும் கிடைப்பது சிறு எண்ணிக்கையே. ஆகவே இலாடச் சிறுநீரகம் என்ற அறிக்கையைக் கையில் வாங்கியவர், புற்றுநோய் தமக்கு விதிக்கப்பட்டுவிட்டதாக எண்ணி ஏங்க வேண்டியதில்லை. வருமுன் காப்பதாகக் கருதி அவ்வுறுப்பை வெட்டிப் பிரிக்கவும் தேவையில்லை. முற்காலத்தில் இடைப்பாலத்தை வெட்டிப் பிரிப்பதால் வயிற்று வலி நீங்குமென்று சத்திர வைத்தியர் சிலர் நம்பினர். தனியே அதற்காக வெட்டும் வழக்கம் இன்று இல்லை.

அப்படியாயின் எச்சரிக்கை எது? நோய் கூடுதலாக வருவதைவிட, வந்த நோய் அடையாளம் காணப்படாமற் போவதே இங்குள்ள பெரிய ஆபத்து.

சிறுநீரகப் புற்றுநோயின் முதன்மையான அறிகுறி, சிறுநீரில் குருதி தோன்றுதல். இது பெரும்பாலும் வலியின்றி வரும். ஒரு நாள் சிறுநீர் செந்நிறமாகவோ தேயிலைச் சாயம் போலவோ போகும், மறுநாள் தெளிந்துவிடும். பின்னர் வாரக்கணக்காகவோ மாதக்கணக்காகவோ ஒன்றும் தோன்றாது. நின்றுவிட்டதே என்று நோயாளி நிம்மதியடைகின்றார். உண்மையில் நின்றது குருதி மாத்திரமே. அதனைக் கசியவிட்ட கட்டி உள்ளேயே இருந்து வளர்கின்றது. குருதி, விலாப்புற வலி, கையிற் தட்டுப்படும் கட்டி ஆகிய மூன்றையும் பழைய நூல்கள் இந்நோயின் முக்குறிகள் என்று கூறும். மூன்றும் ஒருங்கே தோன்றும் வரை காத்திருந்தால், நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும்.

இலாடச் சிறுநீரகம் உடையவரில் இக்குறிகள் மேலும் குழப்பம் தருகின்றன. அவருக்கு முன்னரே கல் இருந்திருக்கலாம். கிருமித்தொற்றும் வந்து போயிருக்கலாம். ஆகவே குருதியைக் கண்டதும் பழைய கல்தான் உராய்கின்றது என்று அவரும் எண்ணுவார். சில வேளை வைத்தியரும் எண்ணுவார். பெண்களாயின், மாதவிடாய்க் குருதி என்றோ வழமையான கிருமித்தொற்று என்றோ கருதி, மருந்தை மாற்றி மாற்றி உண்டு காலம் கழிவதுண்டு. வலியும் வழமையான இடத்தில் வருவதில்லை. உறுப்பு தாழ்ந்தும் முன்னோக்கியும் இருப்பதால், முதுகின் பக்கத்தே தோன்ற வேண்டிய வலி தொப்புளைச் சுற்றித் தோன்றலாம். அது வாய்வென்றும் குடற்புண்ணென்றும் தவறாக எண்ணப்படும்.

தவறு மறுபக்கமாகவும் நிகழலாம். மெலிந்த ஒருவரின் வயிற்றை அழுத்திப் பார்க்கும்போது, பெருநாடிக்கு முன்னால் கிடக்கும் இடைப்பாலம் கட்டிபோலக் கைக்குத் தட்டுப்படும். பெருநாடியின் துடிப்பு அதனூடாகத் தெரியவும் செய்யும். புற்றுக்கட்டியென்றோ நாடி வீக்கமென்றோ அதனை மயங்குதல் கூடும். ஆக, நலமான பாலம் கட்டியெனத் தோன்றலாம். உண்மைக் கட்டி கல்லெனத் தோன்றலாம். இவ்விரு மயக்கங்களையும் தீர்க்க வல்லது தெளிவான படமே.

அத்தகைய படம் எளிதிற் கிடைத்ததன்று. 1895இல் றொண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். ஆயினும் எலும்பைக் காட்டிய அக்கதிர்கள் சிறுநீரகத்தைத் தெளிவாகக் காட்டவில்லை. 1929இல் பேர்லினில் பணியாற்றிய அமெரிக்க இளம் வைத்தியர் மோசஸ் சுவிக், அயடீன் கலந்த மருந்தொன்றை நாளத்தில் ஊசிமூலம் ஏற்றும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அம்மருந்து சிறுநீருடன் வெளியேறும்போது புனலும் சிறுநீர்க்கானும் படத்தில் பளிச்செனத் தெரிந்தன. இலாட வடிவை உயிருள்ள மனிதரில் எளிதாகக் காண வழி பிறந்தது. 1971இல் இலண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்ட் அமைத்த சீ.ரீ. ஸ்கான் கருவி முதலில் மூளையைப் படம் பிடித்தது. சில ஆண்டுகளில் அதே முறை உடல் முழுவதற்கும் பயன்பட்டது.

இன்று சிறுநீரில் குருதி கண்டவருக்கு முதலில் செய்யப்படுபவை சிறுநீர்ப் பரிசோதனையும் கழியொலி ஸ்கானும். பீற்றூட் கிழங்கை உண்டதாலோ, காசநோய்க்கு உண்ணும் மருந்தாலோ சிறுநீர் சிவந்திருந்தால், முதற் பரிசோதனையிலேயே அது தெரிந்துவிடும். கழியொலி ஸ்கான் எளியது, தீங்கற்றது. ஆனால் இடைப்பாலத்தின் முன்னால் குடலும் அதனுள் வாயுவும் இருப்பதால், பாலத்திலுள்ள சிறு கட்டி அதன் பார்வைக்குத் தப்பலாம். ஆகவே ஐயம் எஞ்சின், மருந்தேற்றிய சீ.ரீ. ஸ்கான் செய்வர். நலமான பாலம் சுற்றியுள்ள சிறுநீரக இழையம் போலவே மருந்தை உள்வாங்கி ஒளிரும்; கட்டியோ வேறுபட்டுத் தெரியும். புனலின் சவ்வில் ஐயம் இருப்பின், சிறுநீரில் உதிர்ந்த கலங்களை நுணுக்குக்காட்டியில் ஆராய்வதும், சிறுநீர்ப்பை வழியாக மெல்லிய நோக்குக் குழாயைச் செலுத்திப் பார்ப்பதும் உண்டு.

புற்றுநோய் உறுதிப்பட்டால், அது பரவாதிருக்கும் நிலையில் முதன்மையான சிகிச்சை சத்திர சிகிச்சையே. ஒரு சிறுநீரகத்தை அகற்றிய பின்னும் மனிதர் வாழ முடியுமா என்பது ஒரு காலத்தில் விடை தெரியாத வினாவாக இருந்தது. ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரச் சத்திர வைத்தியர் குஸ்தாவ் சைமன், முதலில் நாய்களில் அதனைச் சோதித்தறிந்தார். பின்னர் 1869 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஒரு பெண்ணின் சிறுநீரகத்தைத் திட்டமிட்டு அகற்றினார், அப்பெண் பிழைத்தெழுந்தார். மற்றது நலமாயின் ஒன்றே போதும் என்பது அன்று நிலைநாட்டப்பட்டது. இலாட அமைப்புடையோருக்கும் இவ்வுண்மை பொருந்தும். இரண்டு பாதிகளும் ஒட்டியிருந்தாலும், நோயுற்ற பாதியை மாத்திரம் இடைப்பாலத்தோடு வெட்டி அகற்றி, நலமான பாதியைக் காப்பாற்ற இயலும். கட்டி சிறியதாயின் அதனை மட்டும் சுற்றியுள்ள சிறிதளவு இழையத்தோடு நீக்குவர். புனற் சவ்வின் புற்றுநோயாயின், அப்பாதியுடன் சிறுநீர்க்கானையும் அது சிறுநீர்ப்பையைச் சேரும் இடம்வரை அகற்றுவர்.

இச்சிகிச்சையின் கடினம் குருதிக் குழாய்களிலேயே உள்ளது. வழமையான சிறுநீரகத்துக்குப் பெரும்பாலும் ஒரு நாடியே குருதி கொண்டுவரும். இலாடச் சிறுநீரகத்துக்கோ பெருநாடியிலிருந்தும், அதன் கீழ்க்கிளைகளிலிருந்தும் பல நாடிகள் வரலாம். அவற்றின் எண்ணிக்கையும் இடமும் ஆளுக்கு ஆள் வேறுபடும். அறியாது ஒரு நாடியை வெட்டினால் பெருங்குருதிப் போக்கு உண்டாகும். தவறான நாடியைக் கட்டினால் காக்க வேண்டிய பாதி உயிரிழந்துவிடும். சத்திர வைத்தியர் இக்காரணத்தாலேயே முன்கூட்டி நாடிகளைத் தனியே காட்டும் ஸ்கான் படத்தைப் பெற்று, வழிப்படம் போல அதனைக் கற்றுக்கொள்கின்றார். எஞ்சவிருக்கும் பாதி எவ்வளவு தொழில் புரியும் என்பதையும் முன்னரே அளந்துகொள்கின்றார். இவ்வாயத்தத்துடன் செய்யும்போது, வயிற்றில் சிறு துளைகளிட்டுச் செய்யும் முறையிலும் இச்சிகிச்சை இன்று செய்யப்படுகின்றது.

நோய் பரவிவிட்டால் நிலைமை கடினமே, ஆயினும் கைவிடப்பட்டதாகாது. சிறுநீரகக் குழாய்களில் தோன்றும் புற்றுநோய்க்குப் பழைய இரசாயன மருந்துகள் பெரிதும் உதவவில்லை. 2005ஆம் ஆண்டின் இறுதி முதல், கட்டிக்குக் குருதி ஊட்டும் வழியை அடைக்கும் மாத்திரைகள் பயன்பாட்டுக்கு வந்தன. 2015 முதல் உடலின் சொந்த எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்துகளும் இந்நோய்க்குக் கிடைத்தன. புனற் சவ்வின் புற்றுநோய்க்கும் வில்ம்ஸ் கட்டிக்கும் இரசாயன மருந்துகள் முன்னரே பயன் தந்து வருபவை. எவ்வகையாயினும், நோயாளியின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது கட்டியின் வகையும், அது கண்டறியப்பட்ட வேளையில் எவ்வளவு பரவியிருந்தது என்பதுமே. உறுப்பு ஒட்டியிருந்ததா, பிரிந்திருந்ததா என்பது அதனைத் தீர்மானிப்பதில்லை.

இலாடச் சிறுநீரகம் உடையவர் நாள்தோறும் செய்யக்கூடியவை எளியவை. சிறுநீர் தேங்காது ஓடும்படி போதிய நீர் அருந்துதல். புகைத்தலை அறவே விடுதல். குருதியமுக்கத்தையும் உடல் நிறையையும் அளவுக்குள் வைத்திருத்தல். கல்லுக்கும் கிருமித்தொற்றுக்கும் முழுமையாகச் சிகிச்சை பெறுதல். கல்லைக் கரைக்கும், சிறுநீரைப் பெருக்கும் என்று சொல்லப்படும் மூலிகைகளை ஆராயாது உண்பதும் தகாது. ஈசுரமூலி, ஆடுதீண்டாப்பாளை ஆகிய செடிகள் அடங்கிய தாவரக் குடும்பத்தில் உள்ள ஒருவகை அமிலம், சிறுநீரகத்தைச் சிதைப்பதோடு, புனற் சவ்வில் புற்றுநோயையும் உண்டாக்குவது உறுதிப்பட்டுள்ளது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் மெலிவதற்கென்று இக்குடும்பத்து மூலிகையை உண்ட பெண்கள் பலர் சிறுநீரகங்களை இழந்தனர். அவர்களுட் பலருக்குப் பின்னர் புற்றுநோயும் தோன்றிற்று.

ஆண்டுதோறும் ஸ்கான் செய்ய வேண்டுமென்ற பொதுவிதி எல்லோருக்கும் இல்லை. கல்லோ நீர்த்தேக்கமோ உள்ளவருக்கு எத்தனை காலத்துக்கு ஒருமுறை படம் வேண்டுமென்று அவருடைய வைத்தியர் கூறுவார். ஆனால் சிறுநீரில் ஒருமுறையேனும் குருதி கண்டால், அது தானே நின்றுவிட்டாலும், வலியே இல்லாவிட்டாலும், முன்னர் கல் இருந்ததென்று தெரிந்திருந்தாலும், வைத்தியசாலைக்குச் செல்வது கட்டாயம். சென்றவர் தம் சிறுநீரகத்தின் அமைப்பைத் தாமே எடுத்துச் சொல்லுதல் வேண்டும். வயிற்றில் வேறெந்தச் சத்திர சிகிச்சை செய்வதாயினும், விபத்தில் வயிற்றில் அடிபட்டாலும், இச்செய்தி வைத்தியருக்கு மிகவும் பயன்படும். ஏனெனில் இடைப்பாலம் விலாவெலும்பின் காவலின்றி முதுகெலும்பின் முன்னால் கிடப்பது. ஆகவே முதலில் எடுத்த ஸ்கான் படத்தையும் அறிக்கையையும் எறிந்துவிடாது பாதுகாத்து, கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில் ‘இலாடச் சிறுநீரகம்’ என்று எழுதுவித்து வைத்துக்கொள்ளுதல் நன்று. வீட்டில் உள்ள ஒருவருக்கேனும் அக்கொப்பி இருக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும்.